கைதியின் நடத்தையை மாற்றுவது என்றால் என்ன? ஓர் எளிய அறிமுகம்

நன்னடத்தை காரணமாக ஆயுள் கைதி முன்கூட்டியே விடுதலை என்று செய்தி வந்தால் போதும், இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ‘திருந்திட்டான்னு யார் கண்டது, நடிச்சிருப்பான்’ என்பார் ஒருவர். ‘மனசு மாறிடுச்சு, விட்டுடுங்க’ என்பார் இன்னொருவர். அந்த மனிதனின் மனசுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இரண்டு பேருக்கும் வாதம். ஆனால் சிறைகளில் ‘நடத்தை மாற்றம்’ என்ற பெயரில் கையாளப்படும் முறை மனசுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. வெளியே தெரிகிற செயலையும், அந்தச் செயலுக்கு அடுத்து என்ன கிடைக்கிறது என்பதையும் மட்டும்தான் அது பார்க்கிறது.

இது மூளைச்சலவை இல்லை. ஆற்றுப்படுத்தும் ஆலோசனையும் இல்லை. 1994-இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் விபாசனா தியானப் பயிற்சியில் உட்கார்ந்தார்கள். அது உள்ளிருந்து மாற்றம் வர வேண்டும் என்ற முயற்சி, முற்றிலும் வேறு வழி. எல்லாவற்றையும் ‘சீர்திருத்தம்’ என்று ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம். குழப்பத்தின் பலனை அனுபவிப்பவர்கள் உள்ளே இருப்பவர்கள். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

அழுகிற குழந்தையும் அம்மாவின் செல்போனும்

மூன்று வயதுக் குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அழுகிறது. அம்மா செல்போனைக் கையில் கொடுக்கிறார். அழுகை நிற்கிறது, இட்லி உள்ளே போகிறது. இந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்திருக்கிறார்கள்.

குழந்தை படித்தது: அழுதால் போன் கிடைக்கும். நாளைக்கும் அழும். ஒரு செயலுக்குப் பின்னால் விரும்பியது கிடைத்து, அதனால் அந்தச் செயல் கூடினால் அதற்கு நேர்மறை வலுவூட்டல் என்று பெயர்.

அம்மா படித்தது: போனைக் கொடுத்தால் சத்தம் நிற்கும். நாளைக்கும் கொடுப்பார். அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை, ஒரு தொல்லை நீங்கியது, அவ்வளவுதான். தொல்லை நீங்குவதால் ஒரு செயல் கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படி இல்லை. தண்டனை செயலைக் குறைக்கும், எதிர்மறை வலுவூட்டல் செயலைக் கூட்டும். தம்பியை அடித்த குழந்தையிடமிருந்து போனைப் பிடுங்கினால், அதனால் அடிப்பது குறைந்தால், அது தண்டனை.

இனி அழுதாலும் போன் இல்லை என்று அம்மா முடிவெடுக்கிறார். பலன் கிடைக்காத செயல் மெல்ல மறையும். இதற்கு அணைதல் என்று பெயர். ஆனால் அணைவதற்கு முன் அழுகை ஒரு முறை உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தில் அம்மா மனம் இளகிப் போனைக் கொடுத்துவிட்டால், ‘கொஞ்சம் கூடுதலாக அழுதால் கிடைக்கும்’ என்பதுதான் குழந்தைக்குப் பாடம். முன்பைவிட நிலைமை மோசமாகும்.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் எலிகளைப் பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து இந்த விதிகளைத் தொகுத்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும். எந்த இடைவெளியில் விழுகிறது என்பதைப் பொறுத்து எலி அழுத்தும் வேகம் மாறும். 1938-இல் புத்தகமாக வந்த அந்தக் கணக்குதான் பின்னாளில் பள்ளிக்கூடம், மனநல மருத்துவமனை, சிறை என்று எல்லா இடத்துக்கும் போனது. தண்டனை தற்காலிகமாகவே அடக்கும் என்று ஸ்கின்னர் கடைசிவரை சொல்லிவந்தார். அவர் பெயரைச் சொல்லிச் சிறைகளில் நடந்த பலவற்றைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை பார்த்தது: செயலுக்குப் பின்னால் வருவதுதான் அந்தச் செயல் தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. கூட்டுவது வலுவூட்டல், குறைப்பது தண்டனை, பலனே இல்லாமல் போனால் அணைதல்.

சிறைக்குள் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது

பூட்டிய அறையில் ஒரு கைதிக்குப் பல்வலி. வார்டரிடம் பணிவாகச் சொல்கிறார். சொல்லிப் பார்த்து, காத்திருந்து, மறுநாளும் சொல்கிறார். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு தட்டை எடுத்துக் கதவுக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். பிளாக் முழுக்க எழுந்துகொள்கிறது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள், சத்தம் நிற்கிறது.

இப்போது யார் யாருக்கு என்ன பாடம்? பணிவாகக் கேட்பதற்குப் பலன் இல்லை, அது அணைந்துபோகும். தட்டை அடித்தால் பலன் உண்டு, அது வலுப்படும். பக்கத்து அறைக்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வார்டருக்கும் பாடம் நடந்தது: சத்தம் போடுகிறவனைக் கவனித்தால் ராத்திரி நிம்மதி. அடுத்த வாரம் பல்வலியோடு அமைதியாக இருப்பவன் மறக்கப்படுவான்.

யாரும் திட்டம் போடவில்லை, உளவியலாளர் என்று ஒருவர்கூட அங்கே இல்லை. ஆனாலும் எல்லோர் நடத்தையும் மாறிக்கொண்டே இருக்கிறது. சிறையில் நடத்தையை மாற்றலாமா கூடாதா என்ற கேள்வியே எனக்கு அர்த்தமற்றதாகப் படுவது இதனால்தான். ஒவ்வொரு சிறையும் ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் தவறான திசையில்.

நடத்தை மாற்ற முறை என்பது இந்தத் தற்செயலை எடுத்துவிட்டு, எந்தச் செயலுக்கு என்ன பலன் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. அதற்கு எதிர்பார்க்கும் செயல் கண்ணால் பார்த்து ‘செய்தார், செய்யவில்லை’ என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘ஒழுங்காக நடந்துகொள்’ என்பது அப்படிப்பட்டது இல்லை. ‘காலையில் கைதிகளை எண்ண வருவதற்கு முன் படுக்கையைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும்’ என்பது அப்படிப்பட்டது. பலன் சீக்கிரம் வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், யார் பணியில் இருந்தாலும் அதே செயலுக்கு அதே பலன் வர வேண்டும். காலை ஷிப்ட் வார்டர் சிரித்துக்கொண்டே விடுவதை மாலை ஷிப்ட் வார்டர் புகாராக எழுதினால், கைதி விதியைப் படிக்க மாட்டார், வார்டரைத்தான் படிப்பார்.

மதிப்பெண், டோக்கன், கேன்டீன்

ஸ்கின்னர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே ஒருவர் இதைச் செய்து பார்த்துவிட்டார். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் பிரிட்டிஷார் நடத்திய கொடூரமான கைதிக் குடியிருப்புக்கு 1840-இல் பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் மகோனகி, தண்டனையை ஆண்டுக் கணக்கில் அளக்காமல் மதிப்பெண் கணக்கில் அளந்தார். உழைத்தால், ஒழுங்காக நடந்தால் மதிப்பெண் சேரும். தவறு செய்தால் குறையும். சேர்த்ததில் கொஞ்சம் நல்ல சாப்பாட்டுக்குச் செலவழிக்கலாம், மிச்சம் விடுதலையை நோக்கிச் சேரும். நான்கே ஆண்டுகளில் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆனால் நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு, நிபந்தனையோடு முன்கூட்டிய விடுதலை என்று இன்று உலகெங்கும் இருக்கும் ஏற்பாடுகளின் வேர்களில் ஒன்று அந்தத் தீவில்தான் இருக்கிறது.

நவீன வடிவம் 1960-களில் அமெரிக்காவின் இலினாய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் உருவானது. டியோடோரோ அய்லான், நேதன் அஸ்ரின் என்ற இரண்டு உளவியலாளர்கள் நோயாளிகள் தாமே செய்துகொள்ளும் வேலைகளுக்கு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கனை அவரவருக்குப் பிடித்த பொருளாகவோ வசதியாகவோ மாற்றிக்கொள்ளலாம். இதுதான் டோக்கன் முறை: செயலுக்கு உடனே ஒரு குறியீடு, பிறகு அதைக் கொடுத்து உண்மையான பலன்.

அங்கிருந்து சிறைக்கு வந்தது. அலபாமா மாநிலத்தின் டிரேப்பர் சிறையில் மைக்கேல் மிலன், ஜான் மெக்கீ இருவரும் 1970-களில் ஒரு பிளாக்கில் நடத்திய சோதனை, இந்தத் துறையில் மிகக் கவனமாகச் செய்யப்பட்டவற்றில் ஒன்று. எதிர்பார்த்த செயல்கள் மிகச் சாதாரணமானவை: குறித்த நேரத்தில் எழுவது, படுக்கையைச் சரிசெய்வது, அறையைப் பெருக்குவது, நேர்த்தியாக உடுத்துவது. சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து டிவி அறைக்குப் போகலாம், கேன்டீன் சாமான் வாங்கலாம். புள்ளி கொடுத்த காலத்தில் இந்தச் செயல்கள் தெளிவாகக் கூடின. புள்ளி நின்றதும் சரிந்தன.

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். முறை வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே சான்று, முறையின் எல்லைக்கும் அதுவே சான்று. புள்ளிக்காகப் படுக்கையைச் சுருட்டியவர் புள்ளி இல்லாத இடத்தில் சுருட்டத் தேவையில்லை. அவர் விடுதலையாகிப் போகும் ஊரில் யாரும் புள்ளி எழுதுவதில்லை. சிறைக்குள் அமைதி வேறு, வெளியே போய் மறுபடி குற்றம் செய்யாமல் இருப்பது வேறு. முன்னதை அளந்துவிட்டுப் பின்னதைச் சாதித்ததாகச் சொல்வது இந்தத் துறையின் பழைய வியாதி.

சுருக்கமாக: டோக்கன் முறை, அது நடக்கும் இடத்தில் நடக்கும் காலம்வரை பலன் தரும். வெளியே போய் நிலைக்க வேண்டுமென்றால் வேலை, குடும்பம், கைத்தொழில் என்று அங்கே பலன் தரக்கூடிய ஒன்று காத்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் என்ன நடந்தது

இந்த முறைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் மிசோரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே கூட்டாட்சிக் கைதிகளுக்கான மருத்துவ மையத்தில் 1972-இல் ‘ஸ்டார்ட்’ என்ற திட்டம் தொடங்கியது. சிறப்புச் சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். மற்றச் சிறைகளில் தனிக் கொட்டடியிலும் அடங்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அங்கே மாற்றினார்கள். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

திட்டத்தில் எட்டுப் படிகள். கீழ்ப்படியில் நாள் முழுக்க அறைக்குள்தான். வாரத்துக்கு இரண்டு முறை குளியல், இரண்டு முறை உடற்பயிற்சி. சொந்தப் பொருள், படிக்கும் புத்தகம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. சொன்னபடி நடந்த நாள் ‘நல்ல நாள்’ என்று கணக்கில் ஏறும். நல்ல நாள்கள் சேரச் சேர மேல்படி, மேல்படிக்கு ஏற ஏற இழந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பும்.

தாளில் பார்த்தால் டிரேப்பரில் நடந்ததும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும். செயல், புள்ளி, பலன். வித்தியாசம் எங்கே தொடங்குகிறார்கள் என்பதில். ஒருவருக்கு இயல்பாக இருப்பதற்கு மேல் ஒன்றைக் கொடுத்து ஊக்குவிப்பது ஒரு வழி. அவரிடம் இருப்பதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, அதையே தவணை முறையில் அவருக்கு விற்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்பவர் அதை வெகுமதி என்பார். அனுபவிப்பவருக்கு அது தண்டனை. எவ்வளவு கடுமையாகப் பறிக்கிறோமோ அவ்வளவு ‘பலமான’ வெகுமதி கையில் இருக்கும் என்பதால், பறிப்பதற்கு ஒரு முடிவே இருக்காது. நடத்தை மாற்றம் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

கைதிகள் சிலர் திட்டத்தில் சேரவே மறுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், நீதிமன்றம் போனார்கள். இது தண்டனை இல்லை, சிகிச்சை, அதனால் மாற்றுவதற்கு முன் விசாரணை தேவையில்லை என்றது சிறைத்துறை. 1974-இல் வந்த கிளான்ஸ் வழக்குத் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் கைதியின் நிலைமை கணிசமாக மோசமாகிறது என்றால், மாற்றுவதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. தீர்ப்பு வருமுன்பே அரசு திட்டத்தை மூடிவிட்டிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறையின் கீழிருந்த நிதி வழங்கும் அமைப்பு, குற்றத் தடுப்புப் பணத்தை நடத்தை மாற்றத் திட்டங்களுக்குத் தருவதில்லை என்று அறிவித்தது.

வாந்தி ஊசி

இதே காலத்தில் அயோவா மாநிலத்துச் சிறை மருத்துவமனை ஒன்றில் வேறொன்று நடந்தது. படுக்கையிலிருந்து எழாதது, கெட்ட வார்த்தை பேசியது, பொய் சொன்னது போன்றவற்றுக்கு அபோமார்ஃபின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். கடுமையான வாந்தி வரும். செயலையும் குமட்டலையும் உடம்பு சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். இதற்கு வெறுப்பூட்டும் சிகிச்சை என்று பெயர். 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கைதி தெரிந்து எழுத்தில் தந்த, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய சம்மதம் இல்லாமல் இதைச் செய்வது கொடூரமான தண்டனை என்று தீர்ப்பளித்தது. நடத்தை மாற்றம் என்றதும் பலருக்கு ஊசியும் மின்சாரமும் நினைவுக்கு வருவது இப்படிப்பட்ட சம்பவங்களால்தான். முறையின் பெரும்பகுதி அது இல்லை. ஆனால் அது நடக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் படிநிலைகள்

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1995-இலிருந்து இன்றுவரை ஒரு ஊக்க முறை நாடு தழுவி நடக்கிறது. அடிப்படை, சாதாரணம், மேம்பட்டது என்று நிலைகள். மேலே போனால் செலவுக்குக் கூடுதல் பணம், கூடுதல் சந்திப்பு, அறையில் டிவி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அலிசன் லீப்ளிங் தலைமையிலான குழு, முறை வந்த புதிதில் ஆராய்ந்து பார்த்தது. நடத்தையில் ஒட்டுமொத்தமாகப் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை, இங்கே நியாயமாக நடத்துகிறார்கள் என்ற கைதிகளின் எண்ணம் குறைந்திருந்தது. யாரை எந்த நிலையில் வைப்பது என்ற முடிவு அதிகாரியின் கையில், காரணம் பல நேரம் கைதிக்குத் தெரியாது. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் பிரச்சினைதான், தேசிய அளவில்.

2013-இல் விதிகளை இறுக்கியபோது வெளியிலிருந்து பார்சல் வருவதைத் தடுத்தார்கள். அதில் குடும்பத்தார் அனுப்பும் புத்தகமும் சிக்கிக்கொண்டது. புத்தகத்தைச் சலுகை என்பதே விசித்திரமாக இருக்கிறது என்று சொல்லி, 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. ஸ்பிரிங்ஃபீல்டில் நாம் பார்த்த அதே கேள்விதான்: எது சலுகை, எது உரிமை?

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் இதற்கு ஓரளவு எல்லை போட்டுக் கொடுக்கின்றன. நன்னடத்தையை ஊக்குவிக்கச் சலுகை முறை ஒவ்வொரு சிறையிலும் இருக்க வேண்டும் என்று 95-ஆவது விதியே சொல்கிறது. அதே ஆவணத்தின் 43-ஆவது விதி, ஒழுங்கு நடவடிக்கையாக உணவையும் குடிநீரையும் குறைக்கக் கூடாது, குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்யக் கூடாது என்கிறது. தரைக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், தரையைத் தோண்டக் கூடாது.

நம் சிறைகளில்

இந்தியாவில் யாரும் இதை நடத்தை மாற்றம் என்று அழைப்பதில்லை. ஆனால் 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்திலேயே அதன் இரண்டு கைகளும் இருக்கின்றன. ஒரு கையில் ‘ரிமிஷன்’ என்று கைதிகளும் வார்டர்களும் சொல்லும் தண்டனைக் குறைப்பு. வேலைக்கும் நன்னடத்தைக்கும் மாதத்துக்கு இத்தனை நாள் என்று கழியும். இன்னொரு கையில் 46-ஆவது பிரிவு. எச்சரிக்கையில் தொடங்கி, ரிமிஷன் சலுகை இழப்பு, சாக்குத் துணி உடுத்தவைப்பது, கைவிலங்கு, கால்விலங்கு, தண்டனை உணவு என்று போய், முப்பதுக்கு மிகாத கசையடியில் முடிகிறது அந்தப் பட்டியல். 1978-இல் சுனில் பத்ரா வழக்கில், சிறைக்குள் போனதால் ஒருவர் தன் அடிப்படை உரிமைகளை மொத்தமாக இழந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இவற்றில் பலவற்றை முன்போல் கையாள முடியாது.

தமிழ்நாட்டில் ரிமிஷனோடு விடுப்பும் சேர்ந்துகொள்கிறது. 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு இரண்டையும் ‘பரோல்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். தங்கை கல்யாணத்துக்கோ அம்மாவின் சாவுக்கோ ஊருக்குப் போய் வருவது எந்த டோக்கனைவிடவும் பெரியது. நடத்தை மாற்றக் கணக்கில் பார்த்தால் ரிமிஷனில் ஒரு குறை உண்டு: இன்று படுக்கையைச் சுருட்டியதற்கான பலன் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆனாலும் அது வெளியே போகும் நாளையே முன்னால் கொண்டுவருவதால், தண்டனைக் கைதிக்கு அதைவிட வலுவான ஊக்கம் வேறில்லை.

அந்த ஊக்கம் யாருக்கு எட்டுகிறது என்று பார்த்தால்தான் நம் நாட்டுப் பிரச்சினை வேறு என்று புரியும். ரிமிஷன் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். குறைப்பதற்கு அவர்களுக்குத் தண்டனையே இல்லை. எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் வாய்தா தேதி முன்னால் வராது, ஜாமீன் தொகை குறையாது. சிறை நிர்வாகத்தின் கையில் அவர்களுக்காக மிஞ்சியிருப்பது கேன்டீன், போன் பேச்சு, வீட்டிலிருந்து மனு போட்டுப் பார்க்க வருபவர்களுக்கான நேரம் போன்றவை. இவற்றில் குடும்பத்தாரைப் பார்ப்பதையும் அவர்களோடு போனில் பேசுவதையும் அடியோடு பிடுங்கக் கூடாது என்பதுதான் மண்டேலா விதிகள் சொல்வது. ஆகவே ‘கைதிகளின் நடத்தையை மாற்றும் புதிய திட்டம்’ என்று அடுத்த முறை அறிவிப்பு வந்தால், அது அந்த 4,34,302 பேருக்குப் புதிதாக எதைக் கொடுக்கிறது, ஏற்கெனவே இருக்கும் எதை எடுத்துவைத்துக்கொள்கிறது என்று கேளுங்கள்.